மூடிய சுரங்கமும் முதல் டெனரும்

ஆண்கள் பாடகர் குழு ஒன்றைத் தொடங்க என்ன செலவாகும்? தட்டினால் ஒரே சுரம் ஒலிக்கும் இசைக்கவை ஒன்று வேண்டும். கூடிப் பாட ஓர் அறை, கையில் பிடித்துக்கொள்ளச் சில அச்சிட்ட தாள்கள், அறுபது எழுபது ஆண்கள். பித்தளை வாத்தியக் குழு என்றால் கொம்புக்கும் எக்காளத்துக்கும் கடன் வாங்க வேண்டும். கால்பந்துக்குக்கூடப் பந்தும் காலணியும் வேண்டும். பாடுவதற்கோ கழுத்துக்கு மேலே இருப்பதே போதும்.

தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில், டைலர்ஸ்டவுன் என்ற சுரங்க ஊரில், 1924இல் பெண்டரிஸ் ஆண்கள் பாடகர் குழு தொடங்கியது. இரண்டு இளம் சுரங்கத் தொழிலாளர்களின் முயற்சி அது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வேலை இல்லை. ஊரின் பெயர் ஆல்ஃபிரட் டைலர் என்ற சுரங்க முதலாளியிடமிருந்து வந்தது. பெண்டரிஸ் என்பது நிலக்கரிக்கு முன்பு அங்கிருந்த பண்ணையின் பெயர், முதலில் சுரங்கத்துக்கும் அதே பெயர்தான். குழு பண்ணையின் பெயரை வைத்துக்கொண்டது. குழுவை நடத்த வந்த ஆர்தர் டகன் 1960 வரை நகரவில்லை. (இசை நடத்துநரை இங்கே கண்டக்டர் என்றே சொல்லிவிடலாம், பஸ்ஸை நினைக்காமல் இருந்தால் சரி.)

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: வேல்ஸ்காரர்கள் பிறவிப் பாடகர்கள், துன்பம் வந்தபோது பாடினார்கள். காவேரித் தண்ணீர் குடித்தாலே சங்கீதம் வரும் என்று நம்மூரில் சொல்வதைப் போன்ற பேச்சு இது. கேட்க நன்றாக இருக்கும், ஒன்றையும் விளக்காது. வேலை போன எல்லா ஊரிலும் ஆண்கள் நான்கு பிரிவாக நின்று ஹேண்டல் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளரின் பாட்டைப் பாடவில்லை. ரோண்டாவில் மட்டும் ஏன் பாடினார்கள்? என் கணக்கில், அவர்களிடம் ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சேர்த்த ஒரு முதல், அதாவது மூலதனம், இருந்தது. அதைச் சேர்க்க வைத்தது நிலக்கரித் தொழில். தொழில் போன பிறகும் முதல் கையில் இருந்தது. வேலையற்றவர்கள் அதை எடுத்துச் செலவழித்தார்கள்.

1851இல் ரோண்டாவில் சில ஆயிரம் பேர்கூடக் கிடையாது, ஆடு மேய்க்கும் மலைப் பள்ளத்தாக்கு. 1911இல் ஒன்றரை லட்சம் பேர். மலைச்சரிவில் வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், அவற்றுக்கு நடுவே ஏறத்தாழ 150 சேப்பல்கள். ஆங்கிலத் திருச்சபையிலிருந்து விலகிய பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், காங்கிரகேஷனல் பிரிவினரின் எளிய ஆலயங்கள் இவை. ஓவியம் கிடையாது, சிலை கிடையாது, பகட்டான சடங்கு கிடையாது. பிரசங்கமும் பாட்டும்தான். அந்தப் பாட்டையும் தனிப் பாடகர் யாரும் பாட மாட்டார். சபை முழுவதும் நான்கு பிரிவாகப் பிரிந்து பாடும். ஆண்டுக்கு ஒருமுறை பல சபைகள் சேர்ந்து நாள் முழுக்கப் பாடும் விழாவுக்குக் ‘கமான்வா கானி’ என்று பெயர்.

இது நடப்பதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. ஐந்து கோட்டு ஐரோப்பிய இசைக் குறிப்பைப் படிக்கச் சுரங்கத்தில் வேலை செய்பவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கி, ஜான் கர்வன் என்ற பாதிரியார் திருத்திப் பரப்பிய ‘டானிக் சோல்ஃபா’ முறை அங்கே கைகொடுத்தது. டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்ற ஏழு ஒலிகளின் முதலெழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதினால் போதும். தாளத்துக்கு முக்காற்புள்ளியும் செங்குத்துக் கோடும், நீட்டிப் பாட ஒரு சிறு கோடு. நம் சரிகமபதநி போலவே ‘டோ’வுக்கு நிலையான இடம் இல்லை, பாட்டின் சுருதி எதுவோ அதுவே டோ. ஆதார ஷட்ஜத்தைப் பழகிய காதுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. தென்மாவட்டத் திருச்சபைகளில் பாடகர் குழுவில் நின்றவர்களுக்கு இந்த எழுத்துக் குறிப்பு கண்ணுக்குப் பழகியதாகவே இருக்கும். காசி மலைக்கும் மிசோரத்துக்கும் வேல்ஸ் மிஷனரிகளோடு போன இம்முறை அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது.

இதில் ஒரு காசு விஷயமும் உண்டு. ஐந்து கோட்டுக் குறிப்பை அச்சிடத் தனி அச்சகம் வேண்டும். சோல்ஃபாவுக்குச் சாதாரண அச்செழுத்து போதும். எனவே பாட்டுத் தாள் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. சேப்பலின் பின்கட்டு அறையில் ஏழு எழுத்துகளை மேலும் கீழுமாக எழுதிய நீண்ட துணி ஒன்று தொங்கும். ஆசிரியர் குச்சியால் ஓர் எழுத்தைத் தொடுவார், பிள்ளைகள் அந்தச் சுரத்தைப் பாட வேண்டும். பத்து வயதில் அந்தத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தவன், இருபது வயதில் வேலை போனபோது முன்பின் பார்த்திராத தாளைக் கையில் வாங்கி அப்போதே பாடினான். பிறவி ஞானம் என்று வெளியூர்க்காரர்கள் வியந்ததில் பாதி அந்தத் துணியில் இருந்தது.

போட்டியும் அந்த முதலில் சேர்த்திதான். ஐஸ்டெத்வொட் எனப்படும் இசை, கவிதைப் போட்டிகள் ஊருக்கு ஊர் நடந்தன. கராடாக் என்று அழைக்கப்பட்ட, தொழிலால் கொல்லரான க்ரிஃபித் ரீஸ் ஜோன்ஸ், தெற்கு வேல்ஸிலிருந்து 450க்கும் மேற்பட்ட பாடகர்களைத் திரட்டிக்கொண்டு 1872இலும் 1873இலும் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கோப்பையை வென்றார். அபர்டேர் ஊர் நடுவே அவருக்குச் சிலை இருக்கிறது, கையில் கோல் பிடித்தபடி. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த போட்டியில் ரோண்டாவின் குழு ஒன்று கடல் தாண்டிப் போய் முதல் பரிசு வாங்கியது. பாடுவது பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி ஊரின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அக்கம்பக்கத்துச் சுரங்க ஊர்கள் கோப்பைக்காக வருடக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரியும்.

இனி தொழில் எப்படிச் சரிந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தெற்கு வேல்ஸ் 1913இல் 5 கோடியே 68 லட்சம் டன் நிலக்கரி வெட்டியது. அதில் பெரும்பகுதி கப்பலேறியது. ஏற்றுமதியை நம்பிய தொழிலுக்கு வெளியூரில் மழை பெய்தாலும் ஜலதோஷம் பிடிக்கும். முதல் உலகப் போருக்குப் பிறகு கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின. ஜெர்மனி போர் இழப்பீட்டை நிலக்கரியாகவே பிரான்சுக்கும் இத்தாலிக்கும் கொடுத்தது. 1923இல் பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியான ரூரைப் பிடித்தபோது வேல்ஸ் நிலக்கரிக்குக் கொஞ்ச காலம் யோகம் அடித்தது, பிறகு அதுவும் போயிற்று. 1925இல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் பவுண்டைப் பழைய தங்க மதிப்புக்குக் கொண்டுபோனார், ஏற்றுமதிச் சரக்கின் விலை ஒரே நாளில் ஏறியது. முதலாளிகள் கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்டப் பார்த்தார்கள். 1926 மே மாதம் நாடெங்கும் நடந்த பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் கதவடைப்புக்கு எதிராக ஏறத்தாழ ஏழு மாதம் நின்று, தோற்றுத் திரும்பினார்கள். 1920இல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் 2 லட்சத்து 71 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். 1936இல் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 26 ஆயிரம். 1934இல் மெர்தர் டிட்வில் நகரத்தில் காப்பீடு பெற்ற தொழிலாளர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு வேலை இல்லை.

1926இன் அந்த ஏழு மாதங்களில்தான் பாட்டுக்கு இரண்டாவது வேலை வந்தது. பொதுச் சமையற்கூடங்களை நடத்தக் காசு வேண்டும். குழுக்கள் இங்கிலாந்து நகரங்களுக்குப் போய்ப் பாடி வசூலித்து ஊருக்கு அனுப்பின. உள்ளூரில் ‘ஜாஸ் பேண்ட்’ என்ற பெயரில் இன்னொரு கூத்து. ஜாஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாயில் வைத்து முனகினால் ஒலிக்கும் மலிவான ஊதுகருவியோடு, வீட்டில் தைத்த விசித்திர வேடங்களில் ஊர்வலம் போனார்கள். அதையும் சேர்த்துத்தான் அந்தக் கோடையை நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டினிக் காலம் முழுக்க ஜெபக் கூட்டம் மாதிரி இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

கதவடைப்பு முடிந்த பிறகும் வேலை வராதவர்கள் லண்டன் தெருக்களுக்கு வந்தார்கள். 1920களின் கடைசியில் ஆக்ஸ்ஃபர்டு தெரு, பிக்காடிலி பக்கம் போனவர்கள், பழைய கோட்டும் தட்டைத் தொப்பியுமாக, சாலையோரச் சாக்கடை விளிம்பை ஒட்டி மெல்ல நடந்தபடி நான்கு குரலில் பாடிக்கொண்டு போகும் ஆண்களைப் பார்த்தார்கள். நடந்தபடியே பாடியதற்குக் காரணம் உண்டு. 1824ஆம் ஆண்டுச் சட்டப்படி பிச்சை எடுப்பது குற்றம். பாடுவது பிச்சையில் சேராது. ஆனால் ஓரிடத்தில் நின்று கூட்டம் சேர்த்தால் வழியை மறித்ததாகிவிடும். எனவே குழு நகர்ந்துகொண்டே இருக்கும், ஒருவர் மட்டும் தொப்பியை நீட்டியபடி நடைபாதையில் வருவார். அந்த ஒருவரின் வேலைதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடுகிறவனுக்குப் பாட்டு மறைப்பாக இருக்கிறது. தொப்பி பிடித்தவனுக்கு எதிரே வரும் முகம் மட்டும்தான்.

பால் ரோப்சனின் கதை இங்கிருந்து தொடங்குகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகரான அவர் அப்போது லண்டன் நாடக மேடையில் புகழின் உச்சியில் இருந்தார். 1929 குளிர்காலத்தில் தெருவில் பாடிக்கொண்டு வந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டத்தைக் கண்டு அவரும் சேர்ந்து நடந்தார், பிறகு அவர்கள் ஊர் திரும்ப ரயில் செலவுக்கும் உணவுக்கும் துணிக்கும் ஏற்பாடு செய்தார் என்பது எல்லோரும் சொல்லும் வரலாறு. அந்த உறவு ஒரு நாளோடு முடியவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இறந்த வேல்ஸ்காரர்களுக்காக 1938 டிசம்பரில் மவுண்டன் ஆஷ் ஊரில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ரோப்சன் பாடினார். 1950இல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டது. 1957 அக்டோபரில் போர்த்கால் நகரில் சுரங்கத் தொழிலாளர்களின் இசைவிழா நடந்தபோது, புதிதாகப் போட்டிருந்த அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்து பாடி அனுப்பினார். அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒலிபெருக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ரோண்டாவின் ட்ரியோர்க்கி ஆண்கள் குழு இந்தப் பக்கத்திலிருந்து அவருக்குப் பதிலாகப் பாடியது.

தெருவில் தொப்பி நீட்டிய குழுவையும் பெண்டரிஸ் போன்ற குழுவையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. முன்னது அன்றைய சோற்றுக்கு. பின்னது வேறு ஒரு பசிக்கு. வேலை போனவனுக்குக் கூலியோடு இன்னும் சிலவும் போய்விடுகின்றன: குறித்த நேரத்தில் எழுந்து போக ஓரிடம், தோளோடு தோள் நிற்கும் கூட்டாளிகள், தவறு செய்தால் திட்ட ஒருவர், இவன் இல்லாவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்ற நிலை. சுரங்கத்தில் பக்கத்தில் நிற்பவனின் கவனத்தில்தான் உன் உயிர் இருக்கிறது. பாடகர் குழுவில் உயிர் போகாது, கோப்பை போகும்.

எப்படிப் போகும் என்று கொஞ்சம் விளக்கினால்தான் அந்த ஒழுங்கு புரியும். ஆண்கள் குழுவில், உச்சக் குரலிலிருந்து அடிக் குரல் வரை, நான்கு பிரிவுகள்: முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பேஸ். பெண் குரல் இல்லாததால் நான்கும் நெருக்கமான இடத்துக்குள் அடைந்து கிடக்கும். ஒருவன் மயிரிழை இறங்கினாலும் கலங்கல் தெரியும். போட்டிப் பாட்டை வாத்தியத் துணை இல்லாமல் பாட வைத்தால் ஆபத்து இரட்டிப்பாகும். சோர்ந்த குரல்கள் எல்லாமாகச் சேர்ந்து மெல்ல மெல்லச் சுருதி இறங்கும், சேர்ந்தே இறங்குவதால் பாடுகிறவர்களுக்கே தெரியாது. பாட்டு முடிந்ததும் நடுவர் பியானோவில் தொடங்கிய சுரத்தைத் தட்டுவார். நூறு ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைச் சுரத்துக்காகக் காத்திருப்பார்கள். சேர்ந்திருந்தால் கொட்டகை அதிரும். அரைச் சுரம் இறங்கியிருந்தால் நான்கு மாத உழைப்பு அந்த நொடியில் கரைந்துவிடும்.

இதற்கு வேண்டியது நேரம். வேலையுள்ள காலத்தில் பிற்பகல் ஷிப்டுக்காரனும் இரவு ஷிப்டுக்காரனும் பயிற்சிக்கு வர முடியாமல் எப்போதும் குழுவில் ஓட்டை விழும். ஷிப்டே இல்லாதபோது எல்லோரும் வரலாம். சரிவுக் காலக் குழுக்கள் நன்றாகப் பாடியதற்குச் சோகத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பேன்.

இந்தப் பாட்டை எல்லோரும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. 1927இல் ரோண்டாவின் ட்ரெயாலாவில் வில்லியம் நோபிள், எம்மா நோபிள் என்ற, குவேக்கர் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த தம்பதியர் மெய்ஸ்-அர்-ஹாவ் என்ற கல்வி நிலையத்தைத் தொடங்கினார்கள். வேலையற்றவர்களுக்கான மன்றங்கள் அதைச் சுற்றி முளைத்தன. தச்சுப் பணி, செருப்புத் தைப்பு, நாடகம், பாட்டு எல்லாம் உண்டு. இடதுசாரிகளில் பலருக்கு இதில் சந்தேகம். வேலை கேட்க வேண்டியவனைப் பாட வைத்து அமைதியாக்குகிறார்கள் என்றார்கள். சந்தேகம் அபத்தமானதல்ல. நிலக்கரிப் பணமே இசைக்குப் புரவலராக வந்து நின்ற காலம் அது. ரோண்டாவில் சுரங்கம் தோண்டி, பேரி துறைமுகம் கட்டிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர் டேவிட் டேவிஸ். அவருடைய பேத்திகள் க்வெண்டலின், மார்கரெட் இருவரும் அந்தச் செல்வத்தில் க்ரெகினாக் மாளிகையில் 1933 முதல் இசை விழா நடத்தினார்கள். தாத்தாவின் சுரங்கத்தில் வேலை இழந்தவர்களுடைய பிள்ளைகளின் இசைக்கும் அதே பணம் உதவியது. சகோதரிகளின் நல்ல மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் பாட்டு அவர்களை அடக்கி வைத்தது என்ற வாதம் 1935ஐத் தாண்டி நிற்காது. வீட்டிலுள்ள எல்லோருடைய வருமானத்தையும் கணக்கெடுத்து உதவித்தொகையை வெட்டும் சோதனை 1931 முதல் நடைமுறையில் இருந்தது. மகன் நாலு காசு சம்பாதித்தால் அப்பனுக்கு வரும் தொகை குறையும். இதை மேலும் இறுக்கும் விதிகள் வந்ததும் 1935 பிப்ரவரியில் தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். சேப்பல்காரர்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே வரிசையில் நடந்தார்கள். அரசு விதிகளை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டுகளில் மவுண்டன் ஆஷ் கொட்டகையில் மூன்று பள்ளத்தாக்குகளின் இசைவிழா ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தது. பேர்பெற்ற கண்டக்டர் மால்கம் சார்ஜென்ட் லண்டனிலிருந்து வந்து ஆயிரக்கணக்கான குரல்களை நடத்தினார். பாடியவர்களும் ஊர்வலம் போனவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

சேர்த்த அந்த முதல் கரைந்தது வேறு வழியில். இரு உலகப் போர்களுக்கு இடையில் வேல்ஸை விட்டு 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். ரோண்டாவின் மக்கள்தொகை 1921இல் 1.62 லட்சம், பத்தே ஆண்டில் 1.41 லட்சம். போனவர்கள் இளைஞர்கள். குழுவின் கணக்கில் பார்த்தால் போனவை டெனர்கள். கார்கள் செய்யும் கவுலி தொழிற்சாலைகளைத் தேடி ஆக்ஸ்ஃபர்டுக்குப் போனவர்கள் 1928இலேயே அங்கே ஆக்ஸ்ஃபர்டு வெல்ஷ் ஆண்கள் பாடகர் குழுவைத் தொடங்கிவிட்டார்கள். பல்கலைக்கழக ஊரில், கல்லூரி ஆலயங்களின் பேர்பெற்ற பாடகர் குழுக்களுக்குப் பக்கத்தில், கார் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சோல்ஃபாவோடு பாடினார்கள்.

ஊரில் தங்கியவர்களுக்கு நுரையீரல் பிரச்சினை. 1937 முதல் 1942 வரை மருத்துவ ஆராய்ச்சி மன்றம் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் நடத்திய ஆய்வுக்குப் பிறகு, 1943இல்தான் நிலக்கரித் தூசி நோய்க்கு இழப்பீடு கொடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு முன்பு ‘மூச்சு வாங்குகிறது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். பேஸ் பிரிவில் கடைசி வரிசையில் நிற்பவர் நீண்ட சுரத்தை முழுதும் பிடிக்க முடியாமல் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்வார், பக்கத்தில் நிற்பவர் அந்த இடைவெளியை மூடுவார். தள்ளி மூச்செடுப்பது எல்லாக் குழுக்களும் பழகும் உத்திதான். சுரங்க ஊர்களில் அதற்குத் தேவை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

1984இல் சுரங்கங்களை மூடுவதற்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியபோது பழைய பழக்கம் திரும்பி வந்தது. ‘தெற்கு வேல்ஸ் வேலைநிறுத்தச் சுரங்கத் தொழிலாளர் குழு’ என்ற பெயரிலேயே ஒரு பாடகர் குழு கூடி, நாடு முழுக்கப் பாடி நிதி திரட்டியது. பழைய இரும்புத் துண்டுகளைத் தட்டி இசை செய்யும் டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற லண்டன் இளைஞர்களோடு சேர்ந்து இசைத்தட்டும் போட்டார்கள். ஒரு பக்கம் சேப்பல் பாட்டு, மறு பக்கம் இரும்பு அடிக்கும் சத்தம். கேட்பதற்குச் சுகமான இசை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆண்டின் ஓசை அதுதான். வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோற்றது. ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மெயர்டி 1990 டிசம்பரில் மூடியது.

பெண்டரிஸ் குழு இன்னும் பாடுகிறது, ட்ரியோர்க்கியும் பாடுகிறது. உறுப்பினர்களில் ஆசிரியர்கள், அலுவலர்கள், ஓய்வுபெற்றவர்கள். சோல்ஃபாத் துணி தொங்கிய சேப்பல்களில் பல இன்று குடியிருப்புகளாகவும் கிடங்குகளாகவும் ஆகிவிட்டன. எந்த ஆண்கள் குழுவின் நிர்வாகியைக் கேட்டாலும் முதல் கவலை ஒன்றுதான்: பேஸுக்கு ஆள் வந்துவிடுகிறது, முதல் டெனருக்குத்தான் கிடைப்பதில்லை.